எம்.சி.யில் இருந்தவரை நான் வேலைக்கு அனுப்பிய கதை

இந்த ஏப்ரலில் முதன்முறையாக அடுத்தவர் வருமானத்தை வரிப் படிவத்தில் தட்டச்சு செய்யப்போகும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் மேடம் போன வாரம் போன் செய்தார். "அங்கிள், புதுசா நாலு பேரு சேர்ந்திருக்காங்க. உங்க அனுபவம் ஏதாச்சும் எழுதிக் குடுங்களேன்" என்றார். எந்த அனுபவம் என்று கேட்டேன். "எதுன்னு உங்களுக்கே தெரியும்" என்றார். தெரியும்தான். அதனால்தான் எழுத உட்கார ஒரு வாரம் ஆயிற்று.

விதிகளை நான் சொல்லப்போவதில்லை. எது வருமானம், எது வருமானம் இல்லை என்பதை நீங்கள் கைப்பேசியில் இரண்டு நிமிடத்தில் தேடி எடுத்துவிடுவீர்கள், என்னைவிடச் சரியாகவே. விதி தெரியாமல் நான் செய்த தவறுகள் நிறைய உண்டு. கல்யாணமே ஆகாத ஒருவருக்கு மூன்று பிள்ளைகளை வரிக் கழிவில் சேர்த்தவன் நான். அவருடைய அம்மா ஆபீசுக்கே போன் செய்து, பேரப்பிள்ளைகளை எப்போது பார்க்கலாம் என்று கேட்டார். அதையெல்லாம் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். இப்போது சொல்லப்போவது விதி நன்றாகத் தெரிந்தே செய்தது. இதை இதுவரை எந்தக் கல்யாண வீட்டிலும் சொன்னதில்லை.

நம் ஆபீஸ் அப்போது பிரிக்பீல்ட்ஸில் இப்போது இருக்கும் இடத்தில் இல்லை. இரண்டு தெரு தள்ளி, ஒரு ரவிக்கை தையல் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. படியேறி வருபவர்களில் பாதிப் பேர் கையில் சேலைத் துணி இருக்கும். அவர்களைத் திருப்பிக் கீழே அனுப்புவதே முன்மேசைப் பெண்ணுக்குப் பாதி வேலை. எனக்கும் அங்கே பட்டப்பெயர் தையல்காரர்தான். நானே வைத்துக்கொண்ட பெயர் அது. வருகிறவரிடம், "லோனுக்கா, உதவித்தொகைக்கா?" என்று முதலில் கேட்பேன். லோனுக்கு என்றால் வருமானத்தைக் கொஞ்சம் தாராளமாக வெட்டித் தைப்பேன். வாரக் கடைசியில் நாசி லெமாக் சோறு விற்ற காசு, மச்சான் கொடுத்த கைமாற்று, எல்லாம் துணிதான். அரசாங்க உதவிக்கு என்றால் இடுப்பில் பிடித்துவிடுவேன். "எங்கண்ணே, அளவு எடுக்காமயே தெச்சிட்டீங்க?" என்று கிள்ளானிலிருந்து வரும் லோரி டிரைவர்கள் மெச்சிப் பேசுவார்கள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன். அறுபது வயதில் ஒரு மனிதனுக்குக் காலரைத் தூக்கிவிட வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

இதெல்லாம் மேடத்துக்குத் தெரியாது. அவர் அப்போதுதான் அப்பாவிடமிருந்து ஆபீசைப் பொறுப்பெடுத்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். ஒரு பென்சிலைக்கூட மேசை விளிம்புக்கு இணையாக வைக்கிற ஆள். நான் அவரைப் பள்ளிச் சீருடையில் பார்த்தவன். அந்த நினைப்பிலேயே, "சின்னப் பொண்ணுக்கு என்ன தெரியும்" என்று இருந்துவிட்டேன்.

மணிமாறன் வந்தது ஏப்ரல் கடைசி வாரத்தில். ஆபீசில் உட்கார இடமில்லை, மின்விசிறிக்குக் கீழே நிற்பதற்கே போட்டி. நாற்பத்தைந்து வயதிருக்கும். கிள்ளானில் வாடகை வீடு, தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் மரம் அறுக்கும் இயந்திரத்தில் வேலை. நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பிளாஸ்டிக் கோப்பு வைத்திருந்தார். வலது கை கோப்புக்குப் பின்னால் இருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கோப்புதான். கையை நான் பார்க்கவில்லை.

"லோனுக்கா, உதவித்தொகைக்கா?"

"லோனுக்குண்ணே. மேரு பக்கம் ஒரு பழைய ஃபிளாட். கீழ்வீடு. பேங்குல வரிப் பாரம் கேக்குறாங்க."

ஈ.ஏ. பாரம் என்கிற சம்பளப் படிவத்தைப் பார்த்தேன். முதலாளி ஒரு வருடத்தில் கொடுத்த சம்பளம் மொத்தமும் அதில் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். இதில் ஆறு மாதச் சம்பளம்தான் இருந்தது.

"மீதி ஆறு மாசம் என்னா, ஹனிமூனா?" என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவரும் சிரித்தார். "எம்.சி.ண்ணே. மிஷின்ல அடிபட்டுச்சு. தொழிலாளர் காப்புறுதியிலேர்ந்து மாசாமாசம் காசு குடுத்தாங்க. இந்தாங்க, அந்தக் கடிதம். அத பாரத்துல காட்டணுமா, வேணாமாண்ணே?"

இந்த இடத்தை நீங்கள் இரண்டு தடவை படிக்க வேண்டும். அவர் எதையும் மறைக்கவில்லை. சரியான கடிதத்தைக் கொண்டுவந்தார். சரியான கேள்வியைக் கேட்டார். அதற்குச் சரியான பதில் ஒரே சொல்தான்: வேண்டாம். வேலையில் அடிபட்டு எம்.சி.யில், அதாவது மருத்துவ விடுப்பில், இருந்தவருக்கு அரசாங்கக் காப்புறுதி கொடுத்த பணம் அது. சம்பளம் இல்லை, வரிக்கு உட்பட்டதும் இல்லை. எனக்கு அது முப்பது வருடமாகத் தெரியும்.

ஆனால் வாடிக்கையாளர் கேட்டது லோன். ஆறு மாதச் சம்பளத்தைக் காட்டினால் பேங்க் மேனேஜர் கதவுக்கு வெளியிலேயே வைத்துப் பேசி அனுப்பிவிடுவார். தையல்காரருக்குக் கை துறுதுறுத்தது.

"சட்டப்படி வேணாம்" என்றேன். "ஆனா போட்டா பாரம் நல்லா குண்டா தெரியும். பேங்குக்குக் குண்டு பாரம்தான் புடிக்கும். சம்பளத்தோட சேர்த்துடுறேன்."

அவர் கொஞ்சம் தயங்கினார். "தப்பில்லையாண்ணே?"

நான் நாற்காலியைத் திருப்பி, வரிசை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னேன்: "வரி கம்மியா கட்டுனவன புடிப்பாங்க. கூட கட்டுனவன எந்த ஊர்லயாச்சும் புடிச்சிருக்காங்களா, சொல்லுங்க பாஸ்?"

ஆபீசே சிரித்தது. மணிமாறனும் தலையாட்டினார். கூடுதலாக வந்த வரி சின்னத் தொகை. வீட்டுக்காக என்று கட்டச் சம்மதித்தார்.

அப்புறம் கையொப்பம். இ-பைலிங்கில் கையொப்பம் என்பது ஐ.சி. என்கிற அடையாள அட்டை எண்ணும் பாஸ்வேர்டும்தான். மேலே உள்ள விவரங்கள் அனைத்தும் உண்மை என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே ஒரு பொத்தான். அவசரத்தில் நாங்கள் யாரும் அதை வாடிக்கையாளரை அழுத்தவிட்டதில்லை. "பாஸ்வேர்டு என்ன?" என்று கேட்டேன். மகள் பெயரையும் பிறந்த வருடத்தையும் உரக்கச் சொன்னார். "மெதுவா, மெதுவா, இங்க இருக்கறவங்கல்லாம் உங்க பொண்ணுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பிடுவாங்க" என்று அதற்கும் ஒரு நகைச்சுவை சொல்லிவிட்டு, நானே தட்டி, நானே அழுத்தினேன்.

போகும்போது ஒரு அறிவுரையும் கொடுத்தேன். அறிவுரைக்கு நான் காசு வாங்குவதில்லை. அதனால் அதற்கு உத்தரவாதமும் இல்லை. "இந்தப் பாரத்தோட நகல எங்க போனாலும் கோப்புல மொதல்ல வைங்க. எந்த ஆபீஸ்லயும் மரியாதை கெடைக்கும்."

நான் சொன்னபடியே அவர் செய்தார். அதுதான் வினை.

ஜூலை மாதம் ஒரு மதியம் போன் வந்தது. மணிமாறன் குரலைத் தணித்துப் பேசினார். காப்புறுதி அலுவலகத்தின் வெளியே நிற்பதாகச் சொன்னார். கை இனிச் சரியாகாது என்று மருத்துவமனை சொல்லிவிட்டதால், நிரந்தர ஊனத்துக்கான மதிப்பீட்டுக்கு மனு கொடுக்கப் போயிருக்கிறார். மருத்துவக் குழு பார்த்து, கை எந்த அளவுக்குப் போயிருக்கிறதோ அந்த அளவுக்கு ஆயுள் முழுக்க ஒரு தொகை கொடுப்பார்கள். மரம் அறுத்துப் பிழைத்தவருக்கு அதுதான் மீதி இருக்கும் வலது கை. கவுண்டரில் கோப்பைத் திறந்ததும் முதலில் இருந்தது என் குண்டுப் பாரம்.

"அண்ணே, ஈ.ஏ. பாரத்துல ஆறு மாச சம்பளம் இருக்கு, வரிப் பாரத்துல ரெட்டிப்பா இருக்கு, எம்.சி.ல இருந்தப்ப எங்க போயி வேலை செஞ்சேன்னு கேக்குறாங்க. நான் என்னா சொல்லட்டும்?"

கொஞ்சம் விளக்குகிறேன். வேலைக்குப் போக முடியாமல் எம்.சி.யில் கிடக்கிறவருக்குத்தான் அந்தப் பணம். அந்த நாட்களில் சம்பளம் வாங்கியிருந்தால் பணம் கிடையாது. நான் அந்தப் பணத்தையே சம்பளம் என்ற கட்டத்தில் போட்டு, அவரை ஆறு மாதம் வேலைக்கு அனுப்பியிருந்தேன். ஒரே கிளிக்கில், அடிபட்ட மனிதர் அரசாங்கத்தை ஏமாற்றியவர் ஆகிவிட்டார். கூடக் கட்டினவனை எந்த ஊரிலும் பிடிக்க மாட்டார்கள் என்றேனே, கிள்ளானில் பிடித்துவிட்டார்கள்.

இனி நான் செய்ததைக் கேளுங்கள். நான் சொல்லியிருக்க வேண்டியது, "உள்ளே போய்ப் போனைக் கவுண்டர் அதிகாரியிடம் கொடுங்கள்." நான் சொன்னது: "தெரியலன்னு சொல்லுங்க. எங்க ஆபீஸ் பேர சொல்லாதீங்க. அப்பறம் பாத்துக்கலாம்."

"சரிண்ணே" என்றார். எதிர்க்கேள்வி இல்லை. அந்தச் "சரிண்ணே" இன்னும் என் காதில் இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து அவர் நேரில் வந்தார். நான் ஜன்னல் ஓரம் நின்று உளுந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கீழே சாலையைக் கடந்து வருவது தெரிந்தது. கையில் அதே கோப்பு, அதற்கு மேலே ஒரு பழுப்பு உறை. பழுப்பு உறை என்றால் அரசாங்கக் கடிதம். நான் என்ன செய்தேன் தெரியுமா? முன்மேசைப் பெண்ணிடம், "நான் வரி ஆபீசுக்குப் போயிட்டேன்னு சொல்லு" என்று வாயில் வடையோடு சொல்லிவிட்டு, பின்படி வழியாக இறங்கி ஓடினேன். அறுபது வயதில் பின்படியில் ஓடுவது எப்படி இருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். பாதிப் படியில் செருப்பு கழன்றது. திரும்பிப் போய் எடுக்கப் பயந்து, ஒரு செருப்போடு தெருமுனை வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து, சமையலறைக்குப் பக்கத்து மேசையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் சும்மா இருக்க முடியுமா? இலை போட்டுவிட்டார்கள். சாப்பாடு கேட்டுவிட்டேன்.

அரை மணி நேரம் போயிருக்கும். எனக்குப் பின்னால் இரண்டு மேசை தள்ளி ஒருவர் வந்து உட்கார்ந்தது தெரிந்தது. "ஒரு சாப்பாடு, ஒரு கரண்டி" என்ற குரலைக் கேட்டதும் ரசம் புரையேறியது. மணிமாறன். எனக்காக மேலே காத்திருந்துவிட்டுப் பசிக்கு வந்திருக்கிறார். எதிரே சுவரில் கண்ணாடி பதித்திருந்தார்கள். அதில் அவர் தெரிந்தார். வலது கை மேசைமேல் இருந்தது. அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சுண்டு விரலும் மோதிர விரலும் இல்லை. மற்ற மூன்றும் மடங்காமல், யாரோ கழற்றி வைத்த கையுறை மாதிரிக் கிடந்தன. இடது கையில் கரண்டியைப் பிடித்து, இலை வழுக்கி நகராமல் அந்த வலது கையை ஓரத்தில் பாரமாக வைத்து, சோற்றை அள்ள முயன்றுகொண்டிருந்தார். சாம்பார் விளிம்பு தாண்டி ஓடியது.

பக்கத்து மேசைக்காரர் வயதானவர், ஊர் நியாயம் பேசுகிற ரகம். "என்னா தம்பி, வாழையிலையில எடது கையிலயா?" என்றார்.

மணிமாறன் நிமிர்ந்து சிரித்தார். "வலது கை லீவுல இருக்குண்ணே."

அவரும் சிரித்துவிட்டார். அப்புறம் கையைப் பார்த்திருப்பார் போல, சிரிப்பு நின்றது. எழுந்து வந்து, தன் தண்ணீர் டம்ளரை அவர் இலையின் மூலையில் பாரமாக வைத்துவிட்டுப் போனார்.

தம்பி தங்கைகளே, நாற்பது வருடமாக நான் வாயால் பிழைத்தவன். நான் சொன்ன ஆயிரம் நகைச்சுவையில் ஒன்றுகூட அதற்குப் பக்கத்தில் வராது. "மீதி ஆறு மாசம் ஹனிமூனா" என்று நான் கேட்டபோது இந்தக் கைதான் கோப்புக்குப் பின்னால் இருந்தது.

எழுந்து அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. போகவில்லை. அவர் சாப்பிட்டுப் போகட்டும் என்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தக் கடையில் கை கழுவும் இடம் என் மேசைக்கு நேர் எதிரே இருக்கிறது.

"அண்ணே! இங்கயா இருக்கீங்க? வரி ஆபீஸ்க்குப் போயிட்டதா சொன்னாங்களே."

"போயிட்டு... வந்துட்டேன்."

அவர் என் இலையைப் பார்த்தார். பாயசம் வரைக்கும் வந்திருந்தேன். என் காலைப் பார்த்தார். ஒரு செருப்பு. அவருக்கு எல்லாம் புரிந்தது. எனக்கும், அவருக்குப் புரிந்தது புரிந்தது.

"சாப்புடுங்கண்ணே. ஒண்ணும் அவசரமில்ல. நான் வெளிய நிக்கிறேன்" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வெளியே வந்து கடிதத்தை வாங்கிப் படித்தேன். எம்.சி. காலத்தில் பெற்ற சம்பளம் குறித்துத் திருப்திகரமான விளக்கம் வரும்வரை மதிப்பீட்டு மனு நிறுத்தி வைக்கப்படுகிறது என்று இருந்தது. தேவைப்பட்டால் கொடுத்த உதவித்தொகையைத் திரும்பக் கேட்கவும் நேரிடும் என்று அடியில் இன்னொரு வரி.

"அவங்ககிட்ட என்னா சொன்னீங்க?"

"நானேதான் வீட்டுல பாரம் செஞ்சேன், தெரியாம போட்டுட்டேன்னு சொன்னேன். யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டாங்க. யாருமில்லன்னுட்டேன்."

ஆபீசுக்கு அவரோடு முன்படி வழியாகவே ஏறினேன். மேடத்தின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். பழக்கதோஷம், ஆரம்பமே கிண்டலாகத்தான் வந்தது: "மேடம், ஒரு சின்ன ஆல்டரேஷன் வேலை." அவர் சிரிக்கவில்லை. முழுவதையும் சொன்னேன். குண்டுப் பாரம், போன், பின்படி, வடை. வடையைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்கு எதையும் விட்டுவைக்க எனக்குப் பயமாக இருந்தது.

அவர் மேசையில் இருந்த பென்சிலை எடுத்து மறுபடி நேராக வைத்தார். "அவர் எத்தன தடவ பொய் சொல்லியிருக்கார் அங்கிள்?"

"ஒரு தடவ. அதுவும் எனக்காக."

"நீங்க?"

எண்ணிப் பார்த்தேன். பாரத்தில் ஒன்று, போனில் ஒன்று, முன்மேசையில் ஒன்று, கை கழுவும் இடத்தில் ஒன்று. பேங்குக்குக் காட்டிய பொய்யை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

"நாளைக்கு நீங்க போறீங்களா, நான் போகவா?" என்றார். அவ்வளவுதான். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவர் உண்மையிலேயே தான் போகத் தயாராக இருந்தார். அதுதான் என்னைத் தூக்கி நிறுத்தியது.

மறுநாள் கொமுட்டர் ரயிலில் மணிமாறனும் நானும் கிள்ளானுக்குப் போனோம். வழியில் அவர், "அந்த வீட்டு லோன் கெடச்சிடுமாண்ணே?" என்று ஒரு தடவை மட்டும் கேட்டார். பாரத்தைத் திருத்தினால் பேங்குக்கும் திருத்திய பாரம்தான் போக வேண்டும் என்று சொன்னேன். ஆறு மாதச் சம்பளத்தில் லோன் வராது. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "கீழ்வீடு அது. என் பொண்டாட்டிக்கு முட்டி வலி" என்றார்.

கவுண்டரில் இருந்த மலாய் அதிகாரிக்கு என் மகள் வயது. மணிமாறனை அடையாளம் தெரிந்துகொண்டார். என்னைப் பார்த்து, "பாக்சிக் யார்?" என்றார். அவர்கள் பெரியவர்களை மாமா என்று கூப்பிடுகிற மரியாதை அது. எனக்கு அன்றைக்கு அது கூடுதல்.

மலாயில் சொன்னேன். பாரத்தை எழுதியது நான். அந்தப் பணத்துக்கு வரியில்லை என்று தெரிந்தேதான் சம்பளக் கட்டத்தில் போட்டேன். பேங்குக்காகப் போட்டேன். இவர் வேலைக்குப் போகவில்லை. இவர் தப்பில்லையா என்று என்னிடம் கேட்டார், நான் இல்லை என்றேன். சொல்லி முடித்ததும் சும்மா இருந்திருக்கலாம். மாட்டிக்கொண்டால் என் வாய்க்கு ஒரே வழிதான் தெரியும். "நான் தையல்காரன் மாதிரி, புவான். கொஞ்சம் லூசாகத் தைத்துவிட்டேன்" என்றேன்.

"இது வேடிக்கை இல்லை, பாக்சிக்" என்றார் அவர். மெதுவாகத்தான் சொன்னார். பக்கத்து இரண்டு கவுண்டருக்கும் கேட்டது.

பிறகு மணிமாறன் பக்கம் திரும்பினார். "போன தடவை நீங்களே செய்ததாகச் சொன்னீர்களே. ஏன்?"

மணிமாறன் என்னைப் பார்க்கவில்லை. தொழிற்சாலை மலாயில், சுற்றி வளைக்காமல் சொன்னார்: "இவர் பெரியவர். இந்த வயதில் வேலை போனால் வேறு வேலை கிடைக்காது. எனக்கு எப்படியும் கை போய்விட்டது."

அதிகாரி இரண்டு தாள்களை நீட்டினார். ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. நடந்ததை எழுதிக் கையொப்பமிட வேண்டும். நான் என்னுடையதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். எழுதப் பழகிய கை. அவர் இடது கையால் எழுதினார். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக ஏறி இறங்கியது. கையொப்பம் போடும்போது பேனா நழுவிக் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். "நான் எழுதட்டுமா?" என்று வாய் வரைக்கும் வந்ததை நல்லவேளை விழுங்கினேன். அவர் பெயரில் நான் ஒரு தடவை கையொப்பம் போட்டாயிற்று. மேலே உள்ள விவரங்கள் அனைத்தும் உண்மை என்று நான் அன்றைக்கு அழுத்திய பொத்தான், இந்தக் கை போட முடியாத கையொப்பம் என்பது அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

வரிப் பாரத்தைத் திருத்தினோம். தொழிற்சாலையிலிருந்து, அந்த ஆறு மாதம் சம்பளம் கொடுக்கவில்லை என்று கடிதம் வாங்கினோம். மனு மறுபடி நகர்ந்தது. மருத்துவக் குழு கையைப் பார்த்தது. ஆயுளுக்கும் மாதாமாதம் ஒரு தொகை வருகிறது. பெரிய தொகை இல்லை, ஆனால் அவருடையது. கீழ்வீடு போய்விட்டது. வேறொருவர் வாங்கிவிட்டார். அதை நான் சரிசெய்யவில்லை, சரிசெய்யவும் முடியாது. எல்லாம் சரியாகிவிட்டது என்று யாராவது உங்களிடம் இந்தக் கதையைச் சொன்னால், மேருவில் ஒரு முட்டி வலிக்காரம்மாவுக்கு ஒரு வீடு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

மேடம் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஒரு வருடம் பாரம் தொடக் கூடாது என்றார். முப்பது வருட அனுபவசாலியான நான், முன்மேசைப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சேலைத் துணியோடு வருகிறவர்களைக் கீழே அனுப்பிக்கொண்டிருந்தேன். "அங்கிள், தையல்காரரு எங்க?" என்று அவள் தினமும் கேட்பாள். கீழே, என்பேன்.

அடுத்த ஏப்ரலில் மணிமாறன் மறுபடி வந்தார். நான் முன்மேசையில்தான் இருந்தேன். மேடத்திடம் நேராகப் போவார் என்று நினைத்தேன். என்னைக் காட்டி, "இவரே செய்யட்டும்" என்றார். மேடம் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

கணினி முன் உட்கார்ந்தோம். நான் கட்டங்களை நிரப்பினேன். அவர் ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்தார். நாற்பது நிமிடம் ஆயிற்று. பின்னால் வரிசை முணுமுணுத்தது. சம்பளம் என்ற கட்டம் வந்ததும் நிறுத்தினார்.

"இதுல காப்புறுதிக் காசு இல்லியே?"

"இல்ல."

"பேங்கு கோவிச்சுக்குமே?"

"கோவிச்சுக்கட்டும்."

கடைசியில் அந்தப் பொத்தான் வந்தது. நான் விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளிவிட்டு நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தேன். இரண்டு கைகளையும் என்ன செய்வது என்று தெரியாமல் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். பாஸ்வேர்டை இடது கை ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தட்டினார். இந்த முறை சத்தமாகச் சொல்லவில்லை. மேலே உள்ள விவரங்கள் அனைத்தும் உண்மை என்ற வரியை இரண்டு தடவை படித்தார். விரலைப் பொத்தானுக்கு மேலே நிறுத்தி, திரும்பி, நான் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தார்.

"என்னாண்ணே, ஒங்களுக்கு ரெண்டு கையும் லீவா?"

ஆபீசே சிரித்தது. அந்தச் சிரிப்பு ஓயும்வரை காத்திருந்து, அவரே அழுத்தினார்.